‘கெட்’ என்ற சொல்லை எழுத்தில் வெட்டிவிடலாமா?

செம்மைப்பேனா:
ஆங்கிலம் படிப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி: ‘கெட்’டுக்கு எத்தனை அர்த்தம்தான் மனப்பாடம் செய்வது? ஒன்றுகூட வேண்டாம். எழுதும்போது அந்தப் பக்கமே போகாதீர்கள். கடிதம் கிடைத்தால் ‘ரிசீவ்’, ஊர் போய்ச் சேர்ந்தால் ‘அரைவ்’, புரிந்தால் ‘அண்டர்ஸ்டாண்ட்’, ஏதாவது ஆனால் ‘பிகம்’. தனித்தனி வினை இருக்கும்போது எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவியைப் போட்டுத் திருகுவானேன்? அலுவலகக் கடிதத்தில் ‘ஐ காட் யுவர் லெட்டர்’ என்று எழுதினால் படிப்பவர் முகம் சுளிப்பார்.

கரும்பலகை:
அலுவலகக் கடிதம் வரைக்கும் சரி. ஆனா நீங்க சொன்ன நாலும் ‘கெட்’டோட சுலபமான பக்கம். ‘ஐ காட் மை ஹேர் கட்’, இதை எந்த வினையை வச்சு மாத்துவீங்க? தமிழ்ல ‘முடி வெட்டிக்கிட்டேன்’னா சலூன்லதான்னு எல்லாருக்கும் தெரியும். அதையே ‘ஐ கட் மை ஹேர்’னு போட்டா கத்திரிக்கோலை நீங்களே எடுத்த மாதிரி ஆயிடும். பல் பிடுங்கினது, வண்டியை சர்வீஸ் விட்டது, வீட்டுக்கு வெள்ளையடிச்சது எல்லாத்துக்கும் இதே அமைப்புதான்: முதல்ல கெட், அப்புறம் பொருள், கடைசியில வினையோட மூணாவது வடிவம்.

பொருளுக்குப் பதிலா ஆள் வந்து, அந்த ஆளே வேலையைச் செஞ்சா அமைப்பு மாறும்: ‘ஐ காட் ஹிம் டு சைன்’. இங்கே ‘டு’ இல்லாம நடக்காது. ‘மேக்’குக்கும் ‘ஹேவ்’வுக்கும் ‘டு’ வரவே கூடாது: ‘ஐ மேட் ஹிம் சைன்’. நம்ம ஆட்கள் அதிகம் சறுக்குற இடம் இது. அர்த்தமும் ஒண்ணு இல்ல. மேக்னா கையெழுத்துப் போட வச்சே தீர்றது. ஹேவ்னா சொன்னதும் செய்யவேண்டிய ஆள்கிட்ட சொல்லிச் செய்ய வைக்கிறது. கெட்னா பேசி, கெஞ்சி, எப்படியோ சம்மதிக்க வைக்கிறது.

செம்மைப்பேனா:
முடி வெட்டுவதற்கு ‘ஐ ஹேட் மை ஹேர் கட்’ இருக்கிறதே, அது போதாதா? சொல்வரிசை மட்டும் பிசகக்கூடாது. ‘ஐ ஹேட் கட் மை ஹேர்’ என்றால் நானே வெட்டியது. செயப்பாட்டிலும் அப்படித்தான். ‘ஹி காட் ஃபயர்ட்’ என்பதற்கு ‘ஹி வாஸ் ஃபயர்ட்’ எல்லா இடத்திலும் செல்லும்.

கரும்பலகை:
‘த விண்டோ வாஸ் ப்ரோக்கன்’. போய்ப் பார்த்தப்பவே உடைஞ்சு கிடந்துதா, அப்பதான் உடைஞ்சுதா? ரெண்டுக்கும் இடம் இருக்கு. ‘காட் ப்ரோக்கன்’னா உடைஞ்ச நிகழ்ச்சி மட்டும்தான். ‘தே வேர் மேரீட்’, ‘தே காட் மேரீட்’ ரெண்டுக்கும் இதே வித்தியாசம். ஆனா கோயில் இன்ன நூற்றாண்டில் கட்டப்பட்டதுன்னு வரலாறு எழுதும்போது ‘காட் பில்ட்’ எடுபடாது, அதை ஒத்துக்கறேன்.

நார்ஸ்வேர்:
வரலாறு கொஞ்சம். ‘கெட்’ பழைய நார்ஸ் மொழியிலிருந்து (வைக்கிங்குகள் பேசிய வட ஐரோப்பிய மொழி) ஆங்கிலத்துக்கு வந்த சொல். ‘ஃபர்கெட்’டும் ‘பிகெட்’டும் (பிள்ளை பெறுதல்) இதன் உறவுக்காரர்கள். மூன்றாம் வடிவமான ‘காட்டன்’ (பருத்தி அல்ல) பிரிட்டனில் பெரும்பாலும் வழக்கொழிந்து, ‘இல்-காட்டன்’ (தவறான வழியில் சேர்த்த) போன்ற ஓரிரு இடங்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அமெரிக்கர்கள் விடவில்லை, அதை வைத்து அர்த்தமும் பிரிக்கிறார்கள். ‘ஐ ஹேவ் காட் எ கார்’ என்றால் கார் இருக்கிறது. ‘ஐ ஹேவ் காட்டன் எ கார்’ என்றால் வாங்கியாயிற்று. ‘ஐ ஹேவ் காட் டு கோ’ என்றால் போயாக வேண்டும். ‘காட்டன் டு கோ’ என்றால் போக வாய்ப்புக் கிடைத்திருக்கிறது. ‘காட்டன்’ தப்பு என்று சிவப்பு மையில் சுழிப்பவர்கள் இந்த வித்தியாசத்தையும் சேர்த்து அழித்துவிடுகிறார்கள்.

செம்மைப்பேனா:
சுவையான தகவல். ஆனால் தேர்வுத்தாளில் நடப்பது வேறு. ‘ஆனான்’ என்றால் கெட் என்று பழகியவர் ‘ஹி காட் எ டாக்டர்’ என்று எழுதுகிறார். அதற்கு ‘டாக்டரை அழைத்து வந்தான்’ என்று பொருள்! ‘பிகம்’ போட்டிருந்தால் இந்த விபத்தே இல்லை. பால் கெட்டுப்போனதை ‘காட் பேட்’ என்று எழுதுவதும் இதே ரகம். சரியானது ‘வென்ட் பேட்’.

கரும்பலகை:
இது அமைப்பைச் சொல்லித் தராததால வர்ற கோளாறு. கெட்டுக்குப் பக்கத்துல உரிச்சொல் வந்தாதான் ‘ஆனது’ன்னு அர்த்தம், பெயர்ச்சொல் வந்தா கிடைச்சது, கொண்டுவந்தது. பாலுக்கு நம்ம ‘போ’வே வழிகாட்டும்: கெட்டுப்போச்சுன்னா ‘கோ பேட்’, காது செவிடாப் போச்சுன்னா ‘கோ டெஃப்’. தமிழ்ல உடம்புக்கோ மனசுக்கோ ஒண்ணு ‘வந்தது’ன்னா பெரும்பாலும் கெட் சரியா உட்காரும்: கோபம் வந்தா ‘காட் ஆங்க்ரி’, தூக்கம் வந்தா ‘காட் ஸ்லீப்பி’, காய்ச்சல் வந்தா ‘காட் எ ஃபீவர்’.

படிக்கட்டு:
பஸ்ஸை மறந்துட்டீங்களே. நாம ‘கெட் டவுன்’னு சொல்லி இறங்குறோம், இந்தியாவுக்குள்ள யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. லண்டன்ல அதுக்கு ‘கெட் ஆஃப்’. பஸ், ரயில், விமானம், சைக்கிள், குதிரை: ‘கெட் ஆன்’, ‘கெட் ஆஃப்’. கார், டாக்ஸி: ‘கெட் இன்’, ‘கெட் அவுட்’. எழுந்து நடமாட இடம் இருந்தாலோ மேலே ஏறி உட்கார்ந்தாலோ ‘ஆன்’. குனிஞ்சு உள்ளே நுழைஞ்சா ‘இன்’. அப்புறம் ‘கெட் டு ஹோம்’ வேண்டாம், ‘கெட் ஹோம்’ போதும். ஹியர், தேர் ரெண்டுக்கும் இதேதான்.

செம்மைப்பேனா:
பேச்சுக்கு எல்லாம் சரி. அறிக்கை, விண்ணப்பம், சட்ட மொழிபெயர்ப்பு மூன்றிலும் என் விதியைத் தளர்த்த மாட்டேன். கரும்பலகை சொல்லும் அமைப்பு வந்தால் அங்கேயும் ‘ஹேவ்’தான் போடுவேன்.

கரும்பலகை:
போடுங்க, ஆனா பார்த்துப் போடுங்க. ‘ஐ காட் மை ஹோம்வொர்க் டன்’னு ஒரு பையன் எழுதினா, உட்கார்ந்து முடிச்சுட்டான்னு அர்த்தம். நீங்க அதை ‘ஐ ஹேட் மை ஹோம்வொர்க் டன்’னு திருத்தினா, வேற யாரையோ வச்சு எழுதி வாங்கிட்டான்னுதான் வாத்தியார் படிப்பார்.