வாடிக்கையாளரைப் பற்றிய அந்த ஒரு பக்கம் பாடத்தில் இருக்கலாமா?

கேள்வி: நிலவொளி (சென்னை)

அனைவருக்கும் வணக்கம். பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள ஒரு கால் சென்டரில் பயிற்சியாளராகப் பணிபுரிகிறேன். அமெரிக்காவில் வீடுகளுக்கு இணைய இணைப்புத் தரும் ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுக்கு எங்கள் பிள்ளைகள் இரவெல்லாம் பதில் சொல்கிறார்கள்.

புதிதாகச் சேருபவர்களுக்கு முதல் வாரத்தில் நான் நடத்தும் பாடத்தில், வாடிக்கையாளரை மாநில வாரியாக விவரிக்கும் ஒரு பக்கம் உண்டு. நியூயார்க்காரர் அவசரக்காரர், சுருக்கமாகப் பேசுங்கள். டெக்சாஸ்காரர் பெருமைக்காரர், மரியாதையாகப் பேசுங்கள். புளோரிடாவிலிருந்து அழைப்பவர் தனித்து வாழும் முதியவர், மெதுவாகவும் உரக்கவும் பேசுங்கள் என்று அது போகிறது. எனக்கு முன்பு இந்த வேலையில் இருந்தவர் விட்டுச் சென்ற பக்கம் அது. நானும் நான்கு ஆண்டுகளாக மாற்றாமல் நடத்தி வந்தேன்.

சென்ற மாதம் விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பையன், குடும்பத்தில் முதல் பட்டதாரி, முதல் நாள் ஹெட்செட் மாட்டியவுடன் புளோரிடா அழைப்பு ஒன்று வந்தது. திரையில் மாநிலத்தின் பெயரைப் பார்த்ததும் பாடத்தில் சொன்னபடியே உரக்க, சொல் சொல்லாக நிறுத்திப் பேசத் தொடங்கினான். அழைத்தவரோ இரவுப் பணி முடித்து வீடு திரும்பியிருந்த இளம் செவிலியர். ‘ஏன் என்னிடம் குழந்தையிடம் பேசுவது போலப் பேசுகிறீர்கள்?’ என்று கேட்டார். அடுத்து, எந்த நாட்டிலிருந்து பேசுகிறாய் என்றார். பிறகு, ஆங்கிலம் தெரிந்த ஒருவரிடம் இணைப்பைக் கொடு என்று சொல்லிவிட்டார். அழைப்பை மாற்றிக் கொடுத்துவிட்டு என்னிடம் வந்து நின்றவன், ‘மேடம், நான் பேசினது இங்கிலீஷ் இல்லையா?’ என்று கேட்டான்.

அவனுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட வேண்டும் என்று தோன்றுகிறது. ஆனால் ஒரு வெளிநாட்டவரிடம் வாழ்நாளில் பேசியே இராத பிள்ளைகளை வேறு எதைச் சொல்லித் தயார் செய்வது? அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

பதில் 1: பழைய இரவுக்காரன்

சகோதரி, 2003 முதல் 2008 வரை அம்பத்தூரில் இதே வேலையைச் செய்தவன் நான். நாங்கள் சேர்ந்த ஆண்டின் நவம்பரில்தான், வாடிக்கையாளர் புகார்களை அடுத்து டெல் நிறுவனம் தன் பெருநிறுவன வாடிக்கையாளர்களின் அழைப்புகள் சிலவற்றைப் பெங்களூரிலிருந்து அமெரிக்காவுக்கே திருப்பிக்கொண்டது. எங்கள் உச்சரிப்பால் வேலை போய்விடும் என்ற பயத்திலேயே நாங்கள் வளர்ந்தோம். அந்தப் பயத்துக்கு மருந்தாக எங்களுக்குக் கொடுக்கப்பட்டது ஏளனம். இந்தியக் கால் சென்டர் பயிற்சியில் ‘35 என்றால் 10’ என்று சொல்லித் தரப்படுவதாக, அதாவது 35 வயது அமெரிக்கரின் அறிவு பத்து வயது இந்தியப் பிள்ளையின் அறிவுக்குச் சமம் என்று கற்பிக்கப்படுவதாக, 2005இல் வெளிவந்த சேத்தன் பகத்தின் ‘ஒன் நைட் @ த கால் சென்டர்’ நாவலில் ஒரு காட்சி வருகிறது. படித்தபோது எனக்கு வியப்பில்லை. எங்கள் வகுப்பில் எண்கள் இல்லையே தவிர, கருத்து அதுதான்.

ஓர் அழைப்பை மட்டும் சொல்கிறேன். பென்சில்வேனியாவிலிருந்து ஒரு பெரியவர். மோடத்தின் மின்செருகியைப் பிடுங்கி, 30 விநாடி பொறுத்து மறுபடி செருகச் சொன்னேன். ‘சரி’ என்றவர் காணாமல் போய்விட்டார். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் ஆயிற்று. திரையில் என் நேரக் கணக்கு சிவப்பாக மாறியது. மியூட்டை அழுத்திவிட்டு, ‘ஒரு பிளக்கைக் கண்டுபிடிக்க இந்த ஆளுக்கு அரை மணி நேரம் வேண்டும்’ என்று பக்கத்து நண்பனிடம் சொன்னேன். அவனும் சிரித்தான். நான்காவது நிமிடத்தில் மூச்சு வாங்கியபடி திரும்பி வந்தவர் மன்னிப்புக் கேட்டார். மோடம் பேஸ்மென்டில் இருக்கிறது, முழங்கால் அறுவை செய்துகொண்டதால் படி இறங்கி ஏற நேரமாகிறது என்றார்.

வீட்டுக்கு அடியில் ஓர் அறை இருக்கும், பலர் மோடத்தையும் மின்பெட்டியையும் அங்கேதான் வைத்திருப்பார்கள் என்று அன்றுவரை எனக்கு எவரும் சொல்லித் தரவில்லை. அந்த மனிதரைப் போல நூறு பேரை நான் மந்தபுத்திக்காரர்கள் என்று எண்ணியிருப்பேன். அவர்களோ, காத்திருக்கும்போது எரிச்சலோடு ‘ஹலோ, ஹலோ’ என்று கத்தும் என்னைப் பண்பற்ற இந்தியன் என்று எண்ணியிருப்பார்கள். எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது ஒரு மாடிப்படி.

உங்கள் பக்கத்தைக் கிழியுங்கள். அந்த இடத்தில் ஒரு வீட்டின் படத்தை வையுங்கள்.

பதில் 2: ஒகையோ தமிழ்ச்செல்வி

நான் கொலம்பஸ் நகரில் பதினெட்டு ஆண்டுகளாக வாழ்கிறேன். தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவள் என்பதால் இந்தப் பக்கத்து நிலையைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

பக்கத்து வீட்டு மூதாட்டிக்கு இந்தியக் குரல் என்றால் இரண்டே வகை. ஒன்று, ஏதோ பழுதாகி, மனம் கொதித்திருக்கும் வேளையில் அவர் கேட்கும் உதவிக் குரல். மற்றொன்று, வரி பாக்கி இருக்கிறது, காவலர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள் என்று மிரட்டும் ஏமாற்றுக் குரல். 2016 அக்டோபரில் தாணே மாவட்டத்தின் மீரா ரோட்டில் காவல்துறை சோதனையிட்டு நூற்றுக்கணக்கானோரைப் பிடித்ததே, அப்படி அமெரிக்க வரித்துறை அதிகாரிகள் போல நடித்துப் பணம் பறித்த கால் சென்டர்களில்தான். அந்த மூதாட்டியும் இப்படிப்பட்ட ஓர் அழைப்பை நம்பிக் கடைக்குப் போய்ப் பரிசு அட்டைகளை வாங்கி, அவற்றின் எண்களைப் படித்துக் காட்டிவிட்டு, மறுநாள் என் சமையலறையில் உட்கார்ந்து அழுதார். அழுதுகொண்டே என்னைப் பார்த்து, ‘உன்னைச் சொல்லவில்லை’ என்றார். அந்தச் சொல் எனக்கு வலித்தது, ஆனால் அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

இப்போது உங்கள் பையனின் அழைப்பை எண்ணிப் பாருங்கள். அவன் தன் பெயரை என்னவென்று சொல்லிக்கொண்டான்? கெவின் என்றோ, ஜேசன் என்றோ சொல்லியிருந்தால், கேட்பவர் காதில் விழும் முதல் செய்தியே பொய். உச்சரிப்பு ஒன்றைச் சொல்கிறது, பெயர் வேறொன்றைச் சொல்கிறது. ஏமாற்றுக்காரர்களும் அதே கெவின்களாகத்தான் வருகிறார்கள். வாடிக்கையாளருக்குச் சொல்ல எளிதாக இருக்கட்டும் என்று தொடங்கிய வழக்கம் நேர்மையான பிள்ளைகளையும் திருடர்களின் வரிசையில் நிறுத்திவிட்டது. செல்வம் என்பதையோ குமார் என்பதையோ சொல்ல இங்கே யாருக்கும் நாக்கு சுளுக்கிக்கொள்ளாது. முடிந்தால் அவர்களின் சொந்தப் பெயரைத் திருப்பிக் கொடுங்கள்.

பதில் 3: மதுரை மொழியாசிரியர்

அந்தப் பையனின் கேள்விக்கு நேரடியான பதில் இருக்கிறது. அவன் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் அமெரிக்கக் காது தேடும் சில குறிப்புகள் அதில் இல்லை.

ஆங்கிலேயரோ அமெரிக்கரோ சொல்லின் தொடக்கத்தில் ‘ப’ ஒலியைச் சொல்லும்போது சிறிது காற்று வெடித்து வெளிவரும். நாம் பழம் என்று சொல்லும்போது அந்தக் காற்று வருவதில்லை. அதனால் நாம் ‘பே’, அதாவது பணம் செலுத்துதல், என்று சொன்னால் அவர்கள் காதில் விரிகுடாவைக் குறிக்கும் சொல் விழக்கூடும். வாய்க்கு முன்னால் மெல்லிய தாள் ஒன்றைப் பிடித்துச் சொல்லிப் பழகினால் போதும். தாள் அசைய வேண்டும்.

இதைவிட முக்கியமானது ‘கேன்’ என்ற சொல். ‘முடியும்’ என்று சொல்லும்போது அமெரிக்கர் அந்தச் சொல்லை ‘க்ன்’ என்று விழுங்கிவிடுவார். ‘முடியாது’ என்று பொருள்படும் ‘கேன்ட்’டைச் சொல்லும்போதுதான் உயிரொலியை அழுத்தி, இறுதி ‘ட்’டைப் பாதியிலேயே நிறுத்திவிடுவார். நாம் எல்லா அசைக்கும் ஒரே எடை கொடுத்துப் பேசுபவர்கள். ‘ஐ கேன் டூ இட்’ என்று நாம் முழு மனத்தோடு உறுதி கூறுவது, அங்கே ‘என்னால் முடியாது’ என்று கேட்கிறது. பிறகு நாம் உதவி செய்யத் தொடங்கினால், முன்னுக்குப் பின் முரணாகப் பேசுகிறான் என்று நினைக்கிறார்கள்.

‘எஸ்’ என்பதிலும் இதே கதைதான். தமிழில் ஒருவர் பேசும்போது நடுநடுவே ‘சரி’, ‘ம்’, ‘ஆமாம்’ என்று சொன்னால், கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று பொருள். அதே இடங்களில் ‘எஸ், எஸ், ஓகே, ஓகே’ என்று சொன்னால் அவர் அதை ஒப்புதலாகவோ அவசரமாகவோ எடுத்துக்கொள்கிறார். எண்களைச் சொல்லும்போது வரும் ‘டபுள் ஃபோர்’ இங்கிலாந்தில் செல்லும், அமெரிக்கர் தடுமாறுவார். வாக்கியத்துக்கு இரண்டு முறை ‘சார்’ போடுவது நமக்குப் பணிவு, அவருக்கு எழுதி வைத்துப் படிக்கும் செயற்கை.

இவை எதுவும் குணத்தைப் பற்றியவை அல்ல என்பதைப் பிள்ளைகளிடம் தெளிவாகச் சொல்லுங்கள். பேசுபவரின் உச்சரிப்பை உடனுக்குடன் மாற்றித் தரும் மென்பொருள்கள் இப்போது வந்துவிட்டன. அவை ஒலியை மாற்றும், ‘சரி’யின் பொருளை மாற்றாது.

பதில் 4: டீம் லீடர், சிறுசேரி

மேலே சொன்னவை எல்லாம் உண்மை, ஆனால் ஒன்றை விட்டுவிட்டீர்கள். ஓர் அழைப்பை ஆறு நிமிடத்தில் முடி என்று நான் கழுத்தைப் பிடிக்கும்போது, எந்தப் பிள்ளையாலும் எதிரில் இருப்பவரை மனிதராகக் கேட்க முடியாது. ஆளை வகைப்படுத்துவது நேரத்தை மிச்சப்படுத்தும் வழி, அதனால்தான் அந்தப் பக்கம் இத்தனை ஆண்டுகள் உயிரோடு இருக்கிறது. ‘உங்கள் சிரமம் புரிகிறது’ என்ற வரியை ஒவ்வோர் அழைப்பிலும் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் குவாலிட்டி மதிப்பெண் குறையும் என்று விதி வைத்திருப்பதும் நாங்கள்தான். எல்லாரும் ஒரே வரியைச் சொன்னால் வாடிக்கையாளர் நம்மை இயந்திரம் என்று எண்ணுவதில் என்ன தவறு? எங்கள் மேலாளர்களையும் அந்த வகுப்பில் உட்கார வையுங்கள்.

இன்னொன்று, பக்கத்தை முழுவதும் கிழிக்காதீர்கள். புளோரிடாவில் ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம் என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது மனிதர்களைப் பற்றிய தீர்ப்பு அல்ல, வானிலை.

மறுமொழி: நிலவொளி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இரவு முழுவதும் யோசித்தேன். மாநில வாரியான விவரிப்பை எடுத்துவிடுகிறேன். அதற்குப் பதிலாக ஒரு வீட்டின் குறுக்குவெட்டுப் படம், புயல் காலம், நவம்பரின் நான்காவது வியாழன் வரும் நன்றி நவிலல் நாள், அமெரிக்காவில் ஆண்டுக்கு இருமுறை கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றிவைக்கும் நாள்கள் ஆகியவற்றைச் சேர்க்கிறேன். கோடையில் நியூயார்க்கில் காலை 9 மணி ஆகும்போது நமக்கு மாலை 6.30, நவம்பரில் அதுவே 7.30 ஆகிவிடும். அங்கே பேசுபவர் காலைக் காப்பியோடு இருக்கிறாரா, வேலை முடித்துக் களைத்திருக்கிறாரா என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம் அல்லவா?

டீம் லீடர் ஐயா, நேரக் கணக்கைப் பற்றி நீங்கள் சொன்னதை மேலதிகாரிகளுக்கு எழுதியிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை. சொந்தப் பெயரைப் பயன்படுத்த அனுமதி கேட்டதற்கு, அமெரிக்க நிறுவனத்திடம் கேட்டுச் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள். ஒகையோ அக்கா, அந்த மூதாட்டியைப் பற்றி நீங்கள் எழுதியதை அந்தக் கடிதத்தில் சேர்க்க உங்கள் அனுமதி வேண்டும்.

அந்தப் பையனிடம் மொழியாசிரியர் ஐயா சொன்ன சோதனையைச் செய்யச் சொன்னேன். டீ குடித்த இடத்தில் கிடந்த டிஷ்யூ தாள் ஒன்றை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு ‘பே, பே’ என்று சொல்லிப் பார்த்தான். ஏழாவது தடவை தாள் அசைந்தது. பிறகு தானாகவே ‘ஐ கேன் டூ இட்’ என்பதை இரண்டு விதமாகவும் சொல்லிக் காட்டி, ‘இத்தனை நாளா நான் முடியாதுன்னா சொல்லிக்கிட்டு இருந்தேன்?’ என்று கேட்டான்.