அப்பாவின் இருமலும் சீட்டில்லாமல் வாங்கிய மாத்திரையும்

அண்ணன், காலை 9.12
அனைவருக்கும் வணக்கம். அப்பாவின் சளிப் பரிசோதனை முடிவு நேற்று மாலை வந்தது. காசநோய் என்று உறுதியாகிவிட்டது. கிருமி காசநோய்க்கான முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படும் என்பதும் அதே பரிசோதனையில் தெரிந்ததால், 6 மாத மருந்தை இன்று காலையே அரசு மருத்துவமனையில் தொடங்கிவிட்டார்கள். மூன்று மாதமாக இருமிக்கொண்டிருந்தவருக்கு நோய் இவ்வளவு தாமதமாகத் தெரியவந்ததற்கு நான்தான் காரணம். அதனால் நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

அண்ணன், காலை 9.21
முதலில் காய்ச்சலும் இருமலும் வந்தபோது, மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவர் அப்பாவுக்கு எழுதித் தந்த பழைய சீட்டைக் காட்டி, தெருமுனை மருந்துக்கடையில் லிவோஃப்ளாக்சசின் 500 என்ற ஆன்டிபயாடிக் (கிருமிக்கொல்லி) மாத்திரை வாங்கினேன். ஐந்தே நாளில் காய்ச்சல் விட்டது, பசியும் எடுத்தது. மூன்று வாரம் கழித்து இருமல் திரும்பியபோது கடையில் சீட்டே கேட்கவில்லை. காலி அட்டையைக் காட்டினேன், கொடுத்துவிட்டார்கள். மூன்றாம் முறை போனில் சொன்னதும் கடைப்பையன் பத்து மாத்திரை அட்டையை வீட்டுக்கே கொண்டுவந்து தந்தான். ஒவ்வொரு முறையும் அப்பா தேறியதைப் பார்த்து, மருத்துவரிடம் போகாமலே குணப்படுத்திவிட்டதாக நான் நம்பியிருந்தேன்.

நான், காலை 9.40
அண்ணா, அப்பா தேறியது போல் தெரிந்ததுதான் இதில் ஆபத்தான பகுதி. லிவோஃப்ளாக்சசின் காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கக்கூடிய மருந்து என்பதால், சில நாள் காய்ச்சல் குறையும், சளியில் கிருமி தென்படாமலும் போகலாம். ஆனால் நோய் போவதில்லை, உள்ளேயே வளர்ந்துகொண்டிருக்கும். எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இப்படிக் கடை மாத்திரையில் இரண்டு மூன்று மாதம் ஓட்டிவிட்டு, நெஞ்சில் பாதி கெட்ட பிறகு வருகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதைக்கும். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு அதே லிவோஃப்ளாக்சசின்தான் முக்கியமான மருந்துகளில் ஒன்று. அதை அரைகுறையாகச் சாப்பிட்டுக் கிருமி பழகிவிட்டால், பின்னாளில் கையில் எடுக்க நல்ல மருந்து மிஞ்சாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போன மாதம் ஓர் இரவு அப்பா வியர்த்துக் கொட்டி மயங்கியபோது சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து எழுப்பினீர்களே, அவர் போடும் சர்க்கரை மாத்திரையோடு இந்த மருந்து சேர்ந்தால் சர்க்கரை அப்படித் திடீரென்று இறங்கக்கூடும். அதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

அத்தை, காலை 10.05
பிள்ளையை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். தனியார் மருத்துவரிடம் போனால் பார்ப்பதற்கே 300 ரூபாய், பிறகு மாத்திரைக்குத் தனி. அரசு மருத்துவமனைக்குப் போனால் அரைநாள் சம்பளம் போகிறது. நம்மைப் போன்றவர்களுக்கு மருந்துக்கடைக்காரர்தான் பல ஆண்டுகளாக மருத்துவராக இருந்திருக்கிறார், அவரும் இல்லையென்றால் எங்கே போவது?

மாமா, காலை 10.32
அக்கா சொல்வது உண்மை. இருபது ஆண்டுகளாக மருந்துக்கடை நடத்துகிறவன் என்ற முறையில் நானும் சிலவற்றைச் சொல்ல வேண்டும். அட்டையில் சிவப்பு எழுத்தில் 'ஆர்எக்ஸ்' என்று இருந்தாலே சீட்டு வேண்டும். சிவப்புக் கட்டத்துக்குள் இருக்கும் எச்சரிக்கையில் 'எச் ஒன்று' என்று இருந்தால், அது கூடுதல் கட்டுப்பாடுள்ள மருந்துகளுக்கான 'எச் ஒன்று' அட்டவணை மருந்து. 2014 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த அந்த அட்டவணையில் தொடக்கத்தில் 46 மருந்துகள் இருந்தன, லிவோஃப்ளாக்சசினும் அதில் ஒன்று. அதை விற்றால் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி, 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். மருத்துவர் 'மீண்டும் கொடுக்கலாம்' என்று எழுதாத சீட்டுக்கு ஒரு முறைக்கு மேல் மருந்து கொடுக்கவும் கூடாது. ஆகவே மாப்பிள்ளை காட்டிய பழைய சீட்டு சீட்டே இல்லை. அசித்ரோமைசின், அமாக்சிசிலின் போன்றவை சாதாரண 'எச்' அட்டவணையில் இருப்பதால் இந்தத் தனிப் பதிவேடு கிடையாது, ஆனால் அவற்றுக்கும் சீட்டு கட்டாயம்தான்.

மாமா, காலை 10.41
அக்கா கேட்ட கேள்வியை 2012-இல் மருத்துவச் சங்கங்கள் கூடி ஆன்டிபயாடிக் கட்டுப்பாடு பற்றி வெளியிட்ட சென்னைப் பிரகடனத்திலும் எண்ணிப் பார்த்தார்கள். மருத்துவரே இல்லாத ஊர்களில் எல்லா ஆன்டிபயாடிக்குக்கும் ஒரே நாளில் கதவை அடைத்தால் ஏழைகள் தவிப்பார்கள் என்பதால், மிக முக்கியமான சிலவற்றை மட்டும் முதலில் கட்டுக்குள் கொண்டுவரலாம் என்றார்கள். அப்படிப் பொறுக்கி எடுத்த மருந்தைத்தான் நாம் மிட்டாய் போல் வாங்கி வந்திருக்கிறோம். நான் மறுத்தால் எதிர்க்கடையில் வாங்கிக்கொள்கிறார்கள், கூடவே சோப்பும் பால் பவுடரும் அங்கேயே வாங்கத் தொடங்கிவிடுகிறார்கள். வாடகை கட்டவேண்டிய நாளில் நானும் சிலருக்குக் கொடுத்திருக்கிறேன், அதை இன்று வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். கேரளத்தில் 2024 ஜனவரியில் 'ஆப்பரேஷன் அம்ரித்' என்று மருந்துக்கடைகளில் சோதனையைத் தொடங்கியபோது, சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்கப்பட மாட்டாது என்று எல்லாக் கடைகளிலும் அறிவிப்பு வைக்கச் சொன்னார்கள். எல்லோரும் வைத்தால் யாருக்கும் வியாபாரம் போகாது. எங்கள் சங்கக் கூட்டத்தில் அதை இந்த மாதமே பேசப் போகிறேன்.

அண்ணன், காலை 10.58
மாமா, நீங்கள் மறுக்கும்போது முதலில் கோபப்பட்டிருக்கக்கூடியவன் நான்தான். சளிப் பரிசோதனை, மருந்து இரண்டும் அரசு மருத்துவமனையில் இலவசம். சத்தான உணவுக்கு மாதம் 1,000 ரூபாயும் வங்கிக் கணக்கில் வரும் என்கிறார்கள். மாத்திரைக்கு மூன்று முறை செலவழித்த எனக்கு இது தெரியாமல் போயிற்று.

அத்தை, காலை 11.10
நான் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே அம்மாடி. கடைசியாக வந்த அந்தப் பத்து மாத்திரை அட்டையில் உங்கள் அப்பா சாப்பிட்டது ஐந்து. பத்து நாளாக எனக்கும் இருமல் இருக்கிறது என்று அதிலிருந்து இரண்டு போட்டுக்கொண்டேன். மீதி மூன்று அலமாரியில் இருக்கின்றன.

நான், காலை 11.14
கோபம் எதற்கு அத்தை. அப்பாவோடு ஒரே வீட்டில் இருப்பதால், இருமல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நீங்கள் பரிசோதித்துக்கொள்ள வேண்டியவர்தான். அந்த மூன்றையும் இனிமேல் தொடாதீர்கள், தூக்கி எறியவும் வேண்டாம். எந்த மாத்திரை, எத்தனை, எந்த நாளில் சாப்பிட்டீர்கள் என்று மருத்துவர் கேட்பார், அட்டையையே காட்டிவிடலாம். அண்ணா, இன்று மாலைக்குள் சளி மாதிரிக் குப்பியை மருத்துவமனையில் வாங்கி வீட்டில் கொடுத்துவிடுங்கள். அத்தை, காலையில் எழுந்ததும் வாய் கொப்பளித்துவிட்டு, ஆழமாக மூச்சிழுத்து இருமி அதில் எடுங்கள். எச்சில் போதாது, நெஞ்சிலிருந்து வரும் சளி வேண்டும்.

அண்ணன், காலை 11.20
குப்பியை ஐந்து மணிக்குக் கொண்டுவருகிறேன் அத்தை. நாளை எட்டு மணிக்கு வண்டியோடு வாசலில் நிற்பேன். அட்டையை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.