வாய்தா இல்லை, முடிக்க நாள்: சமரச வழக்குக்கு ஒரு சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

உரிமையியல் வழக்கில் இரு தரப்பும் பேசி ஒத்துவந்த பிறகு, எழுத்து வேலையை முடிக்க நீதிமன்றத்திடம் சேர்ந்து நாள் கேட்பதற்கு என்ன சொல் என்று கேட்டிருந்தேன். 'ஒத்திவைப்பு', 'கால நீட்டிப்பு', 'இணக்கத் தவணை' என மூன்று வந்தன. மூன்றையும் மனுவில் எழுதிப் பார்த்துவிட்டேன்.

எனக்கு இது ஏன் முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். போன மாதம் ஒரு பாகப்பிரிவினை வழக்கு. அண்ணன், தம்பி, தங்கை. யாருக்கு எவ்வளவு நிலம் என்பது முடிவாகிவிட்டது. கிணற்றில் முறை வைத்துத் தண்ணீர் இறைப்பது, வண்டிப்பாதைக்குப் பத்தடி விடுவது வரை பேசியாகிவிட்டது. சர்வேயர் அளந்து உட்பிரிவு எண் போட்டு, அதைச் சொத்து விவரத்தில் சேர்க்க வேண்டியதுதான் பாக்கி. மனுவில் நான் பழக்கதோஷத்தில் 'வாய்தா' என்று எழுதியிருந்தேன். கையெழுத்துப் போட வந்த அண்ணன் படித்துவிட்டுப் பேனாவை மூடி வைத்தார். "நாங்க எங்கங்க வாய்தா கேக்கறோம்? முடிக்கத்தானே நாள் கேக்கறோம்?" என்றார்.

அவர் சொன்னதுதான் சரி. வாய்தா என்ற சொல் 'வாக்குறுதி' என்ற பொருளுள்ள அரபுச் சொல்லிலிருந்து வந்தது. ஆனால் இன்று ஊரில் அதற்கு இழுத்தடிப்பு என்றுதான் பொருள். 'ஒத்திவைப்பு' நல்ல தமிழ். ஆனாலும் தள்ளிப்போடுவதைத்தான் சொல்கிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 17-ஆம் கட்டளையில், விசாரணையின்போது ஒரு தரப்புக்கு மூன்று முறைக்கு மேல் ஒத்திவைப்பு கூடாது என்று இருக்கிறது. வழக்கை முடிக்கக் கேட்கும் நாளையும் அதே பெயரில் எழுதி அந்தக் கணக்கில் சேர்ப்பானேன்?

'கால நீட்டிப்பு' பொதுச்சொல். பிரதிவாதி தன் பதிலான எதிருரையைத் தாக்கல் செய்யவும் அதைத்தான் கேட்கிறோம்.

'இணக்கத் தவணை' கேட்க அழகாக இருக்கிறது. இலங்கையில் வழக்குத் தேதிக்கே தவணை என்பதுதான் புழக்கம் என்று நண்பர் சொன்னது உண்மை. தமிழ்நாட்டில் சிக்கல் வேறு. இங்கே தவணை என்றால் பணம். சமரசப் பத்திரத்திலேயே 'மூன்று தவணைகளில் செலுத்த' என்று ஒரு வரி பெரும்பாலும் வரும். அதே தாளில் இன்னொரு தவணை வந்தால் படிப்பவர் குழம்புவார்.

என் பரிந்துரை: சமரச முடிப்பு அவகாசம்.

'சமரசம்' எதற்கென்றால், நீதிமன்ற வளாகத்துப் பலகையிலேயே 'சமரச மையம்' என்று இருக்கிறது. மக்கள் பழகிய சொல். 'முடிப்பு' அந்த அண்ணன் கொடுத்தது. 'சமரச அவகாசம்' என்று சுருக்கினால், இனிமேல்தான் பேசப்போகிறார்கள் என்று ஆகிவிடும். அதே உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 23-ஆம் கட்டளை 3-ஆம் விதிப்படி சமரசம் எழுத்தில் இருக்க வேண்டும், தரப்பினர் கையெழுத்திட்டிருக்க வேண்டும். பேசி முடித்ததற்கும் எழுதி முடித்ததற்கும் நடுவில் உள்ள இந்த இடைவெளிக்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம். 'முடிப்பு' என்றால் பணமுடிப்பு நினைவுக்கு வரும் என்று நம்மில் ஒரு அக்கா சொல்லியிருந்தார். முன்னால் 'சமரச' இருக்கும்போது அந்தக் குழப்பம் வராது என்றே நினைக்கிறேன்.

அவகாசம் வடசொல்தான். நீக்கினால் 'முடிப்புக் காலம்' என்றாகும். அது நாள் கேட்பதுபோல் இல்லை, ஏதோ பருவத்தின் பெயர்போல் இருக்கிறது.

இன்னொன்று. 2023-ஆம் ஆண்டு மத்தியஸ்தச் சட்டம் சமரசப் பேச்சுக்கு 120 நாள் வைத்து, இரு தரப்பும் சம்மதித்தால் மேலும் 60 நாள் வரை நீட்டிக்கலாம் என்கிறது. சேர்ந்து கேட்பதற்குச் சட்டமே தனி இடம் கொடுத்திருக்கிறது. அதனால் மனுவின் தலைப்பிலேயே 'கூட்டு' என்ற சொல்லும் வேண்டும்.

எழுதினால் இப்படி வரும்: "வாதியும் பிரதிவாதிகளும் சமரச முடிப்பு அவகாசம் கோரித் தாக்கல் செய்யும் கூட்டு மனு."

அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். பேனாவைத் திறந்தார். இலங்கை நண்பர்கள் இதை அங்கத்திய மனு நடையில் ஒருமுறை எழுதிக் காட்டினால் உதவியாக இருக்கும்.