இராணுவ மருத்துவ நிர்வாகத்திலிருந்து மருத்துவப் படிப்புக்கு: எந்த வழி பொருத்தம்?

ஆற்றோரம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்கத் தரைப்படையின் மருத்துவ நிர்வாகப் பிரிவான மெடிக்கல் சர்வீஸ் கோரில் கேப்டனாகப் பணியாற்றுகிறேன். வயது 31, பணியில் சேர்ந்து 6 ஆண்டுகள் ஆகின்றன. கல்லூரியில் படிக்கும்போதே அதிகாரிப் பயிற்சி தரும் ஆர்ஓடிசி வழியாக வந்தவள். அதற்குரிய சேவைக் கடப்பாட்டை, அதாவது கட்டாயப் பணிக்காலத்தை, முடித்துவிட்டேன். தொடக்கத்தில் ஒரு பட்டாலியனின் மருத்துவப் பிளட்டூனுக்குத் தலைமை தாங்கினேன். இப்போது ஓர் இராணுவ மருத்துவமனையில் வெளிநோயாளர் பிரிவுகளின் நேர ஒதுக்கீடு, ஆள்பலம், வரவு செலவு ஆகியவற்றைக் கவனிக்கிறேன்.

மருத்துவராக வேண்டும் என்பது இப்போது என் உறுதியான எண்ணம். ஆனால் இளங்கலையில் நான் படித்தது அரசியல் அறிவியல். உயிரியலும் பொது வேதியியலும் மட்டும் எடுத்து, சுமாரான மதிப்பெண்களே பெற்றேன். பேலர் பல்கலைக்கழகத்துடன் இணைந்து தரைப்படை நடத்தும் சுகாதார நிர்வாக முதுகலைக்கு விண்ணப்பிக்குமாறு மேலதிகாரி சொல்கிறார். அது மருத்துவப் படிப்புக்கான படிக்கட்டாக அமையுமா? நிர்வாக அனுபவத்தைச் சேர்க்கைக் குழுக்கள் எவ்வாறு பார்க்கும்? பெதஸ்தாவிலுள்ள இராணுவ மருத்துவப் பல்கலைக்கழகமான யுஎஸ்யு, குடிமைக் கல்லூரியில் படிக்க இராணுவம் தரும் எச்பிஎஸ்பி உதவித்தொகை, பணியிலிருந்து விலகி, படையில் பணியாற்றியவர்களுக்கான கல்வி உதவியான ஜிஐ பில்லில் படிப்பது ஆகிய மூன்றில் எதை முதலில் கருத வேண்டும்?

மூன்றாம் தளம்

சகோதரி, யுஎஸ்யுவில் படித்து இப்போது உள்மருத்துவத் துறையில் பணியாற்றுபவன் என்ற முறையில் எழுதுகிறேன். என் வகுப்பிலும் உங்களைப் போல் நிர்வாகத்திலிருந்து வந்தவர்கள் இருந்தார்கள்.

நிர்வாக முதுகலை சிறந்த படிப்புதான். ஆனால் உங்கள் குறையை அது தீர்க்காது. மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பமான ஏஎம்கேஸில் முதுகலை மதிப்பெண்கள் தனியாகவே காட்டப்படும். அவை இளங்கலை மதிப்பெண் சராசரியான ஜிபிஏவில் கலப்பதில்லை. ஒரு பாடத்தை மறுபடி எடுத்தாலும் பழைய மதிப்பெண் நீங்காது, இரண்டும் கணக்கில் சேரும். எனவே சுமாராக முடித்த பாடங்களையே திரும்ப எழுதிக்கொண்டிருப்பதைவிட, கரிம வேதியியல், இயற்பியல், உயிர்வேதியியல் போன்ற நீங்கள் தொடாத பாடங்களை ஆய்வக வகுப்புகளோடு எடுத்து உயர்ந்த மதிப்பெண் பெறுவதே பயன் தரும். பழைய மதிப்பெண்ணுக்கும் புதிய மதிப்பெண்ணுக்கும் இடையிலுள்ள ஏற்றத்தைக் குழுவினர் கவனித்துப் படிப்பார்கள். போதாததற்கு, முதுகலைக்கு அனுப்பப்பட்டால் அதற்கென்று புதிய சேவைக் கடப்பாடும் உங்கள் தலையில் ஏறும்.

அடுத்து அனுபவம். நீங்கள் மருத்துவமனையில் வேலை செய்கிறீர்கள். ஆனால் நோயாளியோடு வேலை செய்யவில்லை. மருத்துவப் பிளட்டூனை வழிநடத்தியதும் தலைமைப் பண்புக்குச் சான்றாகுமே தவிர, சிகிச்சை அனுபவமாகாது. நேர்காணலில் உங்களிடம் நிச்சயம் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: ஒரு நிர்வாகியாக ஆயிரக்கணக்கானோர் பெறும் சிகிச்சையை மேம்படுத்த முடியும் என்றிருக்க, ஒருவர் ஒருவராகப் பார்க்கும் வேலைக்கு ஏன் வர விரும்புகிறீர்கள்? 'மருத்துவர்களுடன் நெருங்கிப் பணியாற்றியிருக்கிறேன்' என்பது அதற்கு விடையாகாது. படுக்கையருகே நின்று, நோயாளியோடு பேசி, அந்த வேலையின் சலிப்பையும் கண்டு, அதற்குப் பிறகும் அதையே விரும்புகிறேன் என்று சொல்ல உங்களிடம் நிகழ்வுகள் இருக்க வேண்டும். இராணுவ மருத்துவமனைகளில் செஞ்சிலுவைச் சங்கத்தின் தன்னார்வலர் திட்டம் நடக்கிறது. பணி நேரத்துக்கு வெளியே அதில் சேருங்கள். உங்களுக்குக் கீழ் வேலை செய்யாத மருத்துவர்களுடன் இருந்து கவனியுங்கள். தம் பிரிவின் வரவு செலவைக் கையில் வைத்திருக்கும் அதிகாரியின் முன் யாரும் இயல்பாக நடந்துகொள்வதில்லை.

கணக்குப்பிள்ளை

மேலே உள்ளவர் சேர்க்கையைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் ஆண்டுக் கணக்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் பலர் கல்விக் கட்டணத்தைப் பார்த்தே முடிவெடுத்துவிடுகிறார்கள்.

யுஎஸ்யுவும் எச்பிஎஸ்பியும் 1972ஆம் ஆண்டின் ஒரே சட்டத்தில் பிறந்தவை; இரண்டிலும் கல்விக் கட்டணம் உங்களுடையதன்று. யுஎஸ்யுவில் முழுநேர இராணுவப் பணியாளராகவே படிப்பீர்கள். ஆனால் கேப்டன் பட்டையைக் கழற்றிவிட்டு இரண்டாம் லெப்டினன்டாக அமர வேண்டும்; முன்பு பெற்ற அடிப்படை ஊதியம் அதிகமாக இருந்தால் அதைச் சட்டம் காக்கிறது. படிப்பு முடிந்ததும் மறுபடி கேப்டன். கடப்பாடு 7 ஆண்டுகள். பட்டத்துக்குப் பின் துறைப் பயிற்சி பெறும் ரெசிடென்சிக் காலம் அதில் கழியாது. எச்பிஎஸ்பியில் முழுநேரப் பணியை விட்டு, ரிசர்வ் என்னும் சேமப் படையில் இரண்டாம் லெப்டினன்டாகச் சேர்ந்து, குடிமை மருத்துவக் கல்லூரியில் மாதாந்திர உதவித்தொகையுடன் படிப்பீர்கள். 4 ஆண்டுப் படிப்புக்கு 4 ஆண்டுக் கடப்பாடு.

8 ஆண்டுப் பணியோடு 33 வயதில் யுஎஸ்யுவில் சேர்வதாகக் கொள்வோம். மருத்துவக் கல்லூரியின் 4 ஆண்டுகள் ஓய்வூதியத் தகுதிக்குச் சேராது. இராணுவ மருத்துவமனையில் 3 ஆண்டு ரெசிடென்சியும், 7 ஆண்டுக் கடப்பாடும் சேரும். ஆக, 47 வயதில் கடப்பாடு முடியும்போது தகுதிக்கான ஆண்டுகள் 18 ஆகியிருக்கும். இன்னும் 2 ஆண்டுகள் இருந்தால் 20 ஆகி ஓய்வூதியம் உறுதியாகும்; அப்போது படித்த 4 ஆண்டுகளும் தொகையைக் கணக்கிடுவதில் சேர்க்கப்படும். எச்பிஎஸ்பியில் 44 வயதிலேயே விடுதலை, ஆனால் கையில் 15 ஆண்டுகள்தான். இராணுவத்தில் நீடிக்க விரும்புவோருக்கு முதலாவது, ஐயமுள்ளோருக்கு இரண்டாவது என்பது என் கருத்து.

ஜிஐ பில்லில் 36 மாதங்கள் கிடைக்கும். மாநில அரசுப் பல்கலைக்கழகத்தில் உள்மாநிலக் கட்டணம் முழுவதையும் அது ஏற்கும். புதிய கடப்பாடு ஏதும் இல்லை. ஆனால் நீங்கள் ஆர்ஓடிசி உதவித்தொகை பெற்றவர் என்றால், அந்தக் கடப்பாட்டுக்காகச் செய்த ஆண்டுகள் ஜிஐ பில் தகுதிக்குச் சேராது. மீதமுள்ள பணிக்காலம் முழுப் பயனுக்குப் போதுமா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

தென்றல்வழி

நோயாளியைப் பார்ப்பதுதான் குறிக்கோள் என்றால், சான் அன்டோனியோவிலுள்ள ஃபோர்ட் சாம் ஹூஸ்டனில் நடக்கும் ஐபேப் என்னும், மருத்துவருடன் இணைந்து நோயாளிகளைப் பார்க்கும் ஃபிசிஷியன் அசிஸ்டன்ட் (பிஏ) பயிற்சியையும் எண்ணிப் பாருங்கள். ஏறத்தாழ 29 மாதங்களில் முடிந்துவிடும். பட்டாலியனில் உங்கள் பக்கத்தில் இருந்த பிஏ என்ன செய்தார் என்பது உங்களுக்கே தெரியும்.

ஆற்றோரம்

மூவருக்கும் நன்றி. ஐபேப் பற்றி முன்பே யோசித்தேன். அறுவை சிகிச்சைத் துறையின் மேல் நாட்டம் இருப்பதால் மருத்துவப் படிப்பையே நினைக்கிறேன். இன்னும் ஒரு கேள்வி: மேலதிகாரியிடம் இதை எப்போது சொல்வது? இப்போதே சொன்னால் நல்ல பொறுப்புகள் வேறு ஒருவருக்குப் போய்விடுமோ என்று தயங்குகிறேன்.

மூன்றாம் தளம்

அறுவை சிகிச்சை என்றால் மேலே காட்டிய ரெசிடென்சி 3 ஆண்டுகள் அன்று, பொது அறுவைக்கே 5 ஆண்டுகள் ஆகும். அதற்கேற்பக் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள்.

மேலதிகாரியிடம், முதுகலை விண்ணப்பத்துக்குக் கையெழுத்து கேட்கும் நிலை வருமுன் சொல்லிவிடுங்கள். கையெழுத்து வாங்கியபின் சொன்னால் அவர் பரிந்துரையை வீணாக்கியதாகிவிடும். விண்ணப்பத்துக்கும், எச்பிஎஸ்பியானால் பணி விடுவிப்புக்கும், மறுபடி அவரிடமே செல்ல வேண்டியிருக்கும். கையில் இரண்டு அறிவியல் பாடங்களின் மதிப்பெண்ணோடு போங்கள். மருத்துவக் கல்லூரிச் சேர்க்கைக்கான எம்கேட் தேர்வை, பாடங்கள் முடியுமுன் அவசரப்பட்டு எழுத வேண்டாம். 472 முதல் 528 வரையிலான அந்த மதிப்பெண்ணைப் பல கல்லூரிகள் சில ஆண்டுகள் வரைதான் ஏற்கும். ஏஎம்கேஸ் மே மாதத்தில் திறக்கிறது. அந்த ஆண்டின் வசந்த காலத்தில் எழுதினால் போதும்.