முதல் வெடிப்பு 196 பாகையிலா? வீட்டில் ஸ்பெஷல்ட்டி கோப்பி வறுப்போர் விவாதம்

உவர்மலையான்:
நிலாவெளிவாசி நேற்று இங்கே எழுதிய இரண்டு வசனங்கள் எனக்குப் பெரும் எரிச்சலைத் தந்துள்ளன. “கோப்பிக்கொட்டையின் முதல் வெடிப்பு 196 பாகை செல்சியசில் நிகழும். அதை வெப்பமானியில் பார்க்காமல் தாச்சியில் கிளறுபவர்கள் வறுக்கவில்லை, கருக்குகிறார்கள்” என்பது அவருடைய கூற்று. திருகோணமலையில் எத்தனையோ வீடுகளில் தாச்சியில்தான் கோப்பி வறுபடுகிறது. அவற்றுள் ஒரு வீட்டின் குசினியையும் எட்டிப் பாராமல் தீர்ப்பு எழுதும் துணிவு அவருக்கு எப்படி வந்தது என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்த 196 எங்கே அளக்கப்பட்டது, எதனால் அளக்கப்பட்டது என்பதை அவர் சொல்ல வேண்டும்.

நான் கனத்த இரும்புத் தாச்சியை நன்றாகச் சூடாக்கி, ஒரு தடவையில் 200 கிராமுக்கு மேல் போடாமல், அகப்பையை ஓயவிடாமல் கிளறி வறுக்கிறேன். பச்சைக்கொட்டையில் 10 முதல் 12 சதவீதம் வரை ஈரம் இருக்கும். அது வெளியேறும்போது முதலில் வைக்கோல் மணம் வரும், கொட்டை வெளிறி மஞ்சளாகும், பிறகு பாண் வேகும் போறணையின் மணம் எழும், நிறம் கபிலமாகும், மெல்லிய சவ்வு உரிந்து பறக்கத் தொடங்கும். அதற்குப் பிறகுதான் உள்ளே அடைபட்ட நீராவியின் அமுக்கம் தாங்காமல் கொட்டைகள் வெடிக்கும். அந்தச் சத்தம் விறாந்தையில் இருப்பவருக்கும் கேட்கும். காதிருப்பவருக்கு இதில் எண் எதற்கு?

நிலாவெளிவாசி:
அண்ணா, நான் சொன்னதில் மாற்றம் இல்லை. 196. என் உருளை இயந்திரத்தில் வெப்பமானியின் உணர்முனை கொட்டைகளின் நடுவே நிற்கிறது. எத்தியோப்பியக் கொட்டையானாலும் நுவரெலியாக் கொட்டையானாலும் வெடிப்புத் தொடங்கும்போது திரையில் 196ஐ ஒட்டிய எண்தான் இருக்கிறது. சத்தம் கேட்ட பிறகு அடுப்பைக் குறைக்க ஓடுபவருக்குக் காலம் கடந்துவிடும். வெடிப்புக்கு முன்பே வெப்பம் ஏறும் வேகத்தைத் தணித்துக்கொண்டு வர வேண்டும். தணிக்காவிட்டால், வெடிப்பிலிருந்து இறக்கும் வரையான பகுதி கையை மீறிப் போய்விடும். அந்தப் பகுதி மொத்த வறுப்பு நேரத்தில் ஏறக்குறைய 15 முதல் 25 சதவீதமாக இருக்கும்படி பார்த்துக்கொள்வது இன்று பலரும் கைக்கொள்ளும் முறை. தாச்சியில் இதை எப்படிச் செய்வீர்கள்? தாச்சியின் அடியில் படும் தட்டையான முகம் கறுக்கும்போது கொட்டையின் உட்பகுதி வேகாமலே கிடக்கும். அதைத்தான் கருக்குதல் என்றேன். இன்னும் அதையே சொல்கிறேன்.

உவர்மலையான்:
நேற்று 196, இன்று 196ஐ ஒட்டிய எண். நாளை எந்த எண்ணாகும் என்று பார்ப்போம்.

உருளை இயந்திரம் வைத்திருப்பவர் ஒன்றை நேர்மையாகச் சொல்லட்டும். உருளையை 180 பாகைக்குச் சூடாக்கிப் பச்சைக்கொட்டையைக் கொட்டியதும் திரையில் எண் என்ன செய்கிறது? மளமளவென்று 100ஐ அண்டி விழுந்து, பிறகு மெல்ல ஏறுகிறது. கொட்டை குளிர்ந்ததா? இல்லை. அறை வெப்பநிலையில் இருந்த கொட்டை உள்ளே போன கணம் முதல் சூடாகிக்கொண்டே இருக்கிறது. இறங்கியது உணர்முனையின் வெப்பநிலை. ஆகவே, திரையில் நீங்கள் பார்ப்பது கொட்டையின் உள்வெப்பநிலை அன்று. கொட்டையும் சூடான காற்றும் உருளையின் உலோகமும் சேர்ந்து அந்த முனையை எந்த நிலையில் வைத்திருக்கின்றன என்பதையே பார்க்கிறீர்கள். முனை தடித்ததானால் எண் பிந்தும். கொட்டை குறைவானால் முனை காற்றில் நிற்கும். அதனால்தான் ஒருவரின் இயந்திரம் 190 காட்டும் இடத்தில் இன்னொருவரின் இயந்திரம் 205 காட்டுகிறது. உங்கள் 196 உங்கள் இயந்திரத்துக்கு உரியது. அதைக் கோப்பியின் சட்டமாக்கி எங்கள் தலையில் ஏற்ற வேண்டாம்.

பாலையூற்று ஆசிரியர்:
இருவரும் சற்று நிதானிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஸ்பெஷல்ட்டி என்பதற்கு ஒரு வரைவிலக்கணம் இருக்கிறது. பயிற்சி பெற்ற சுவைஞர்கள் ஒழுங்கான முறைப்படி சுவைத்து 100க்கு 80 புள்ளிகளோ அதற்கு மேலோ வழங்கிய கோப்பியையே நீண்ட காலமாக அந்தப் பெயரால் அழைத்து வந்திருக்கிறார்கள். பச்சைக்கொட்டையில் பூச்சி துளைத்தவை, கறுத்தவை, உடைந்தவை எத்தனை என்பதும் பார்க்கப்படும். அப்படியானால் தரம் தோட்டத்திலும் பதப்படுத்தும் இடத்திலுமே பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. வறுப்பவர் அதைக் காப்பாற்றலாம், அல்லது கெடுக்கலாம். நீங்கள் இருவரும் ஒரே கொட்டையைப் பற்றித்தான் பேசுகிறீர்களா என்பதையாவது முதலில் சொல்லுங்கள்.

நிலாவெளிவாசி:
ஆசிரியர் ஐயா, புள்ளிக் கணக்கைப் பிறகு பார்க்கலாம். கேள்வி 196 பற்றியது. ஒரு வாதத்துக்காக, என் எண் என் இயந்திரத்துக்கு மட்டுமே உரியது என்று வைத்துக்கொண்டாலும், அதே இயந்திரத்தில் அடுத்த முறையும் அதே எண் வருகிறதே! சென்ற வாரம் நன்றாக அமைந்த வறுப்பை இந்த வாரமும் அப்படியே செய்ய எனக்கு ஓர் அடையாளம் கிடைக்கிறது. உவர்மலை அண்ணாவுக்கு என்ன அடையாளம் இருக்கிறது? கச்சான் காற்று வீசும் மாதங்களில் அடுப்பின் சுவாலை ஒரு பக்கம் சாயும். மாரியில் குசினியே ஈரலித்துக் கிடக்கும். அந்த இரண்டு பருவத்திலும் ஒரே சுவையைத் தர அவரால் முடியாது. அவருடைய வீட்டில் ஒரு நாள் குடித்த கோப்பி புளித்தது. இன்னொரு நாள் சாம்பலாகக் கசந்தது. மரியாதைக்காகவே அன்று வாய் திறக்கவில்லை.

உவர்மலையான்:
மரியாதைக்காக வாய் திறக்காதவர் இரண்டாம் குவளையையும் கேட்டு வாங்கிக் குடித்தார் என்பதையும் இங்கே பதிந்துவிடுகிறேன்.

ஆசிரியரின் புள்ளிகள் கொட்டை வாங்கும்போது உதவும். அடுப்படியில் நிற்பவனுக்கு உதவா. என் அடையாளம் என்னவென்று கேட்டீர்கள். தராசு. பச்சையாக 200 கிராம் நிறுத்துப் போடுகிறேன். வறுத்து ஆற்றிய பின் மறுபடி நிறுக்கிறேன். 176 கிராம் இருந்தால் 12 சதவீதம் போயிருக்கிறது, அது இளவறுப்பு. 170 என்றால் 15 சதவீதம், நடுத்தரம். 164க்குக் கீழே போனால் இரண்டாம் வெடிப்பைத் தொட்டுவிட்டேன் என்று கொள்வேன். அதில் கொட்டையின் மேல் எண்ணெய் மினுங்கத் தொடங்கும், ஊரின் மணமும் தோட்டத்தின் மணமும் போய் வறுப்பின் மணம் மட்டுமே மிஞ்சும். இந்தக் கணக்கைக் கச்சான் காற்றும் மாற்றாது, மாரியும் மாற்றாது. உணர்முனை எங்கே நிற்கிறது என்ற சிக்கலும் தராசுக்கு இல்லை. இப்போது மறுபடி கேட்கிறேன்: 196ஐ எதனால் அளந்தீர்கள்? முனையின் தடிப்பு எவ்வளவு?

தம்பலகாமம் தம்பி:
அண்ணாமாரே, குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என்னிடம் மினுமினுப்பான அலுமினியத் தாச்சியும், தூரத்திலிருந்து நீட்டி அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானியும் இருக்கின்றன. கொட்டை புகைக்கும் நேரத்திலும், தாச்சியின் அடியை நோக்கி நீட்டினால் அந்த வெப்பமானி 90 பாகை என்று காட்டுகிறது. நான் 196 வரும்வரை காத்திருந்து எல்லாவற்றையும் கரியாக்கிவிட்டேன். என்ன செய்ய வேண்டும்?

உவர்மலையான்:
எல்லோரும் இதைப் படியுங்கள். 196ஐ நம்பிய ஒரு பிள்ளை நல்ல கொட்டையைக் கரியாக்கியிருக்கிறது.

தம்பி, பளபளப்பான உலோகம் தன் வெப்பத்துக்கேற்ற அகச்சிவப்புக் கதிரை வெளிவிடாது. சுற்றுப்புறத்தின் கதிரைக் கண்ணாடியாகத் திருப்பி அனுப்பும். உன் கருவி பெரும்பாலும் குசினிக் கூரையின் வெப்பத்தை வாசித்திருக்கிறது. கருவியைக் கொட்டைகளை நோக்கி நீட்டினால் எண் ஓரளவு மெய்யை அண்டும், ஆனால் அதுவும் கொட்டையின் மேற்பரப்பு மட்டுமே. மெல்லிய அலுமினியம் குளிர்ந்த கொட்டை விழுந்ததும் சூட்டை இழக்கும், பிறகு ஓரிடத்தில் மட்டும் கொதிக்கும். கனத்த இரும்புத் தாச்சி ஒன்றை எடு. தீ நடுத்தரமாக இருக்கட்டும். முதல் வெடிச்சத்தம் நெருங்கும்போது, புகையின் மணம் பாணிலிருந்து கூர்மையாக மாறும்போது, தீயைக் குறை. சத்தம் ஓயும் தறுவாயில் இறக்கிச் சுளகில் கொட்டி, விசிறியின் முன் புடை. நான்கு நிமிடத்துக்குள் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்துவிட வேண்டும். வராவிட்டால் கொட்டை தன் சூட்டிலேயே தொடர்ந்து வறுபடும்.

நிலாவெளிவாசி:
இது நேர்மையற்ற வாதம். நான் ஓரிடத்திலும் அகச்சிவப்புக் கருவியைப் பற்றிப் பேசவில்லை. கொட்டைக்குள் நிற்கும் உணர்முனையையும் தூரத்திலிருந்து நீட்டும் கருவியையும் ஒன்றாகக் கட்டி அண்ணா வெற்றி கொண்டாடுகிறார். அதுவும் போக, “நெருங்கும்போது தீயைக் குறை” என்கிறார். நெருங்குகிறது என்று காது எப்படி முன்கூட்டியே சொல்லும்? அதைத்தானே எண் சொல்கிறது?

உவர்மலையான்:
காது என்று நான் சொன்னது வெடிப்புக்கு. நெருங்குவதை மூக்கு சொல்லும். மேலே எழுதியிருக்கிறேன்; படிக்கவில்லை என்றால் மறுபடி படியுங்கள்.

கிண்ணியா நானா:
இவ்வளவு சண்டைக்கு இதில் என்ன இருக்கிறது? எங்கள் வீட்டில் கோப்பிக்கொட்டையை மல்லியோடும் வேர்க்கொம்போடும் சேர்த்து வறுத்து, இடித்து, அன்றைக்கே குடிக்கிறோம். ஸ்பெஷல்ட்டி என்று பெயர் வைத்து ஆயிரக்கணக்கில் வாங்குவதெல்லாம் வெளிநாட்டுக் கொட்டைதானே? இலங்கைக் கோப்பி 1869இல் வந்த நோயோடு அழிந்துவிட்டது என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம்.

மாத்தளைப் பேத்தி:
நானா, அழிந்தது பெருந்தோட்டக் கோப்பி. 1869இல் இலைத்துரு நோய் இங்கே வந்து, அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் தோட்டத்துரைமார் கோப்பியைப் பிடுங்கித் தேயிலை நட்டார்கள் என்பது உண்மை. ஆனால் கண்டி, மாத்தளை, நுவரெலியா, பதுளைப் பக்கங்களில் வீட்டுத்தோட்டங்களில் கோப்பி நின்றுகொண்டே இருந்தது. இன்று அங்கே விளையும் அரபிக்காவை உலகத்துக்கு விற்கிறார்கள். அந்தக் கோப்பித் தோட்டங்களைத் தொடக்கத்தில் வெட்டித் திருத்தியவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து, மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டுவழியாக மாத்தளைக்கு நடந்தே வந்த எங்கள் முன்னோர். வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். எத்தியோப்பியக் கொட்டை, உருளை இயந்திரம் என்று இங்கே பெருமை பேசுபவர்கள், நம் மலையில் விளைந்ததை ஒருமுறையாவது ஒழுங்காக வறுத்தார்களா?

மல்லியைக் கோப்பியோடு சேர்த்து வறுக்காதீர்கள். மல்லி கோப்பிக்கு வெகு முன்பே கருகும். தனியே வறுத்து, பொடியில் கலக்க வேண்டும்.

நிலாவெளிவாசி:
அக்கா, நுவரெலியாக் கொட்டை வறுக்கிறேன் என்று மேலேயே எழுதியிருக்கிறேன். அதுவும் 196இல்தான் வெடித்தது. மல்லி கலந்ததைப் பற்றி என்னிடம் கேட்க வேண்டாம்; அது வேறு பானம்.

மாத்தளைப் பேத்தி:
வேறு பானமா? இந்த ஊரில் காய்ச்சல்காரனுக்கும் விருந்தாளிக்கும் கொடுத்த கோப்பி அது. நிலாவெளிக்குச் சுற்றுலாப் பயணிகள் வந்த பிறகு கோப்பி படித்தவர்கள் எங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

நிலாவெளிவாசி:
கோப்பியை எப்போது படித்தேன் என்பது முக்கியமில்லை. சென்ற மாரியில் என்னிடம் வாங்கிய கோப்பி அரைக்கும் கைமெசினைத் திருப்பித் தராதவர்கள் படிப்பைப் பற்றிப் பேசக்கூடாது. யாரைச் சொல்கிறேன் என்பது அவருக்குத் தெரியும்.

உவர்மலையான்:
என்னைத்தான் சொல்கிறார். அந்த மெசினின் பல்லுத் தேய்ந்து, ஒரு பக்கம் மாவும் ஒரு பக்கம் நொய்யும் விழுந்ததால் பல்லை மாற்றக் கொடுத்திருக்கிறேன். தேய்ந்த பல்லில் அரைத்த தூளைக் காய்ச்சிக் குடித்துவிட்டு என் வறுப்புப் புளித்தது என்று எழுதியவருக்கு, புளிப்பு எங்கிருந்து வந்தது என்பது இப்போது விளங்க வேண்டும்.

நானாவுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வறுத்த அன்றே குடிக்கலாம், ஆனால் இளவறுப்பானால் சில நாள் பொறுப்பது நல்லது. வறுத்த கொட்டையில் காபனீரொட்சைட்டு நிறைந்திருக்கும். வெந்நீர் ஊற்றியதும் அது நுரைத்துப் பொங்கி, நீர் தூளுக்குள் சீராக இறங்குவதைத் தடுக்கும். ஆனால் நம் ஊரில் கார்த்திகை, மார்கழி ஈரத்தில் திறந்த போத்தலில் வைத்தால் மொறுமொறுப்பே போய்விடும். இறுக மூடும் போத்தல் வேண்டும்.

கிண்ணியா நானா:
சில நாள் பொறுக்கச் சொல்வது கடைக்காரர் கிளப்பிய கதை. எங்கள் கோப்பி அன்றைக்கே நன்றாக இருக்கிறது.

நிலாவெளிவாசி:
இந்தப் பேச்செல்லாம் 196இலிருந்து தப்பிக்கும் வழி. நேரடியாகக் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வாருங்கள். என் இயந்திரத்தில் வறுப்போம். திரையை எல்லோரும் பார்க்கட்டும்.

உவர்மலையான்:
வருகிறேன். இரண்டு நிபந்தனைகள். திரையைத் துணியால் மூடி வையுங்கள். வெடிப்பு நெருங்குவதை மணத்தில் அறிந்து நான் சொன்ன பிறகு திறந்து பாருங்கள். அடுத்தது, அதே கொட்டையை ஒருமுறை 500 கிராமாகவும் இன்னொரு முறை 100 கிராமாகவும் போட வேண்டும். இரண்டிலும் ஒரே எண்ணில் வெடித்தால் பேசலாம்.

நிலாவெளிவாசி:
100 கிராம் என் இயந்திரத்துக்குப் போதாது என்பதை அறிந்தே இந்த நிபந்தனை வைக்கப்படுகிறது. ஏற்க முடியாது.

உவர்மலையான்:
போதாது என்றால், முனை காற்றில் நிற்கும் என்று நான் எழுதியதை ஒப்புக்கொண்டுவிட்டீர்கள்.

நிலாவெளிவாசி:
எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. 500 கிராம் போடுவோம், அல்லது தாச்சியைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம்.

பாலையூற்று ஆசிரியர்:
எந்தக் கொட்டை என்று இன்னும் ஒருவரும் சொல்லவில்லை.

உவர்மலையான்:
ஐயா, அதை அங்கே வந்து பார்த்துக்கொள்ளலாம். 100 கிராம் போடாமல் நான் வரமாட்டேன்.