அந்த இரண்டு சென்ட் யாருடைய பணம்?

கரிசல்மகள்:
19ஆம் நூற்றாண்டு அமெரிக்கக் கிறிஸ்தவச் சபைகளின் மாதர் சங்கங்கள் "கணவன் காசில் நடந்த தையல் கூட்டம்" என்று நேற்று ஒருவர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. 1869 மார்ச்சில், கொட்டுகிற மழையில், பாஸ்டன் ட்ரீமாண்ட் தெரு மெதடிஸ்ட் சபையில் எட்டே பெண்கள் கூடி மிஷனெரி சங்கம் தொடங்கினார்கள். சந்தா வாரம் இரண்டு சென்ட். அந்த நவம்பரிலேயே ஆசிரியை இசபெல்லா தோபர்னையும் டாக்டர் கிளாரா ஸ்வெய்னையும் இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். தையல் கூட்டமாம்!

ஆவணப்பித்தன்:
எழுதியது நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். ஒரே கேள்வி. அந்த இரண்டு சென்ட் எங்கிருந்து வந்தது? கணவன் பையிலிருந்து.

கரிசல்மகள்:
மாசசூசெட்ஸில் 1855லேயே மணமான பெண்ணின் சம்பாத்தியம் அவளுக்கே சொந்தம் என்று சட்டம் வந்துவிட்டது. கிராமத்துப் பெண்கள் வெண்ணெய் விற்றார்கள். ஞாயிற்றுக்கிழமை கோழி இட்ட முட்டையைத் தனியே எடுத்துவைத்து, விற்ற காசை மிஷன் உண்டியலில் போட்டார்கள். காசு கொடுத்தவர் பெயரைச் சிவப்பு நூலில் தைத்த ஒட்டுத்துணிப் போர்வைகளை ஏலம் விட்டார்கள். ஒவ்வொரு பெயரும் ஒரு காணிக்கை.

ஆவணப்பித்தன்:
கோழித் தீவனம் யார் வாங்கினது?

பாளை பாக்கியம்:
ஏன் பாஸ்டன் வரைக்கும் போகிறீர்கள்? நம் சபைகளில் சமைக்கும்போது ஒரு பிடி அரிசியைக் காணிக்கைக்கு எடுத்துவைத்தவர்கள் பெண்கள்தானே? 1820களில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தாரே, அந்த வருமானம் பெண்பிள்ளைகள் பள்ளிக்குப் போயிற்றே.

ஆவணப்பித்தன்:
லேஸ் தொழில், சங்கம் இல்லை. வேறு இழையில் நடந்த தோள்சீலை (திருவிதாங்கூர்ப் பெண்களின் மேலாடை உரிமை) விவாதத்திலும் இப்படித்தான் பேச்சைத் திருப்பினீர்கள்.

பாளை பாக்கியம்:
அதில் நான் கேட்டதற்கு இன்றுவரை பதில் வரவில்லை அண்ணாச்சி. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கரிசல்மகள்:
பாக்கியம் அக்கா, அதை அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள், இங்கே வேண்டாம். தோபர்னை அனுப்பப் பணம் போதவில்லை என்று வந்தபோது ஒரு பெண்மணி எழுந்து, "உயர்ந்த உடையெல்லாம் வேண்டாம், சீட்டித் துணியில் பாஸ்டன் தெருவில் நடப்போம், அவரை அனுப்புவோம்" என்கிற பொருளில் பேசினார். அதைக் கணவன் பேசவில்லை.

ஆவணப்பித்தன்:
வேண்டாம் என்ற அந்த உயர்ந்த உடையை வாங்கிக்கொடுத்தது யார்? நீங்களே எனக்குச் சாட்சி சொல்கிறீர்கள்.

எபனேசர் தம்பி:
எப்போதும் மெதடிஸ்ட் புராணம்தானா? 1888இல் தென்னகப் பாப்டிஸ்ட் பெண்கள், சீனாவிலிருந்து மிஷனெரி லாட்டி மூன் கேட்டதற்காகக் கிறிஸ்துமஸ் காணிக்கை எடுத்தார்கள். இலக்கு 2,000 டாலர், சேர்ந்தது 3,315. மூன்று மிஷனெரிகளை அனுப்பப் போதுமான பணம்.

ஆவணப்பித்தன்:
அது போய்ச் சேர்ந்தது ஆண்கள் நடத்திய மிஷன் போர்டுக்கு. ஆண் கொடுத்தான், ஆண் வாங்கினான், நடுவில் ஒரு பெட்டி.

கரிசல்மகள்:
பெட்டியா? பாஸ்டன் பெண்களிடமும் மிஷன் செயலாளர்கள் அதையேதான் கேட்டார்கள்: வசூலித்துத் தாருங்கள், செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று. பெண்கள் முடியாது என்றார்கள். அப்புறம் வந்தது நிபந்தனை: சபை ஆராதனையில் காணிக்கைத் தட்டு எடுக்கக் கூடாது. பெரிய வசூல் நடக்கிற இடமே அவர்களுக்கு அடைக்கப்பட்டது. அதனால்தான் வீடு வீடாக இரண்டிரண்டு சென்ட். அந்தப் பணத்துக்கு வேலை கொடுத்ததும் அவர்களே. பரேலியில் ஸ்வெய்ன் 1874இல் மருத்துவமனை திறந்தார். தோபர்ன் லக்னோவில் தொடங்கிய பள்ளி கல்லூரியாக வளர்ந்து இன்றும் அவர் பெயரில் நிற்கிறது. இவ்வளவும் செய்த பிறகு 1888 மெதடிஸ்ட் பொது மாநாட்டுக்கு மதுவிலக்கு இயக்கத் தலைவி ஃபிரான்சஸ் வில்லார்ட் உட்பட ஐந்து பெண்கள் பிரதிநிதிகளாகத் தேர்வாகி வந்தால், இருக்கை கிடையாது என்று திருப்பி அனுப்பினார்கள். பெண்கள் சேர்த்த பணம் மட்டும் இனித்தது.

ஆவணப்பித்தன்:
மாநாட்டைப் பற்றி நான் பேசவே இல்லை. 1855 சட்டம் மாசசூசெட்ஸுக்கு மட்டும். மற்ற மாநிலத்து இரண்டு சென்ட்?

கரிசல்மகள்:
நியூயார்க் 1860. அடுத்து எந்த மாநிலம் வேண்டும், கேளுங்கள்.

ஆவணப்பித்தன்:
தீவனத்துக்கு இன்னும் பதில் இல்லை.

பாளை பாக்கியம்:
தோள்சீலைக்கும் இல்லை.