டாங்கியைத் திருப்பும்போது ரிசீவர் அணைந்துவிடுகிறது: உதவி தேவை

வணக்கம். கோலாலம்பூர் செந்தூலில் வசிக்கும் நான், ரிமோட்டில் இயங்கும் 1/16 அளவிலான டைகர் டாங்கி பொம்மை ஒன்றை என் மகனுக்காகச் செய்து வருகிறேன். இரு சங்கிலிப் பட்டைகளுக்கும் தனித்தனி மோட்டார், அவற்றின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இரட்டை இஎஸ்சி, 7.4 வோல்ட் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி ஆகியவற்றைப் பொருத்தியுள்ளேன்.

நேராக ஓடும்போது குறையேதும் இல்லை. ஆனால் கம்பளத்தின் மீது நின்ற இடத்திலேயே திருப்பினால், ரிமோட்டின் சிக்னலைப் பெறும் ரிசீவரின் சிவப்பு விளக்கு ஒருமுறை சிமிட்டி அணைய, சுழலும் பீரங்கி மேடையும் பாதியில் நின்றுவிடுகிறது. மோட்டார்கள் திணறி அதிக மின்னோட்டத்தை இழுப்பதால், இஎஸ்சியின் சிவப்புக் கம்பி வழியாக ரிசீவருக்குச் செல்லும் 5 வோல்ட் சரிகிறது என்றே கருதுகிறேன். மின் இரைச்சலைக் குறைக்க மோட்டார் முனைகளில் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்களைப் பற்றவைத்தும் பலனில்லை.

ரிசீவருக்குத் தனி யுபெக் (பேட்டரி மின்னழுத்தத்தை 5 வோல்ட்டாகக் குறைத்துத் தரும் சிறு கருவி) வைத்து, இஎஸ்சியின் சிவப்புக் கம்பியைக் கழற்றிவிட்டால் போதுமா, அல்லது இஎஸ்சியையே மாற்ற வேண்டுமா? சனிக்கிழமை ஜாலான் பாசார் மின்னணுப் பொருள் கடைகளுக்குச் செல்வதற்குள், அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.